தேதி போட்ட வைத்தியம்



வழக்கமாக இந்தப் பகுதியிலே இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், பிள்ளைகளின் பூச்சித் தொல்லை என்றுதான் எழுதி வருகிறேன். இந்த முறை அமெரிக்காவைப் பற்றி எழுதப் போகிறேன். "டிரெசருக்கு என்ன வந்தது? மருந்து கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு அரசியல் பேசுகிறாரே" என்று கேட்பீர்கள். காரணம் நீங்கள்தான். 2025 அக்டோபர் மாதத்திலே மருந்துக்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தவர்களில் பல பேர், "அமெரிக்காவிலே கவர்மெண்டையே இழுத்து மூடிட்டாங்களாமே, வைத்தியச் சண்டையாமே, அது என்னங்கய்யா?" என்று கேட்டார்கள். எல்லாம் கைப்பேசியிலே பார்த்ததுதான். ஒரு பெரியவர், "காசு தீர்ந்து போச்சா அவனுங்களுக்கு?" என்றார். மருந்து கட்டிக்கொண்டே பதில் சொல்லி முடிக்கிற கேள்வியா அது?

காசு தீர்ந்து மூடவில்லை, ஐயா. நம் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். ஆபீசுப் பெட்டியிலே பணம் இருக்கிறது. செக்ரோலும் எழுதியாகிவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேருக்குள் சண்டை. கையெழுத்து இல்லாமல் கிராணி சம்பளம் போடக்கூடாது. அங்கே நடப்பது இதுதான். அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கு வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் செலவுக்கு அனுமதி கொடுத்து அதிபரும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் பணத்தைத் தொடக்கூடாது என்று 1884-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. வெகு காலம் அந்தச் சட்டத்தை யாரும் அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கவில்லை. அனுமதி தாமதமானாலும் ஆபீசுகள் நடந்துகொண்டுதான் இருந்தன. 1980-லும் 1981 தொடக்கத்திலும் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி என்பவர், "அனுமதி இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான், உயிரையும் உடைமையையும் காக்கிற வேலை மட்டும் நடக்கலாம்" என்ற பொருளிலே விளக்கம் கொடுத்தார். அன்று முதல் கட்சிக்காரர்கள் கையிலே ஒரு பூட்டுச் சாவி வந்து சேர்ந்தது.

இந்தச் சாவியை அவர்கள் திருப்பிய பெரிய சந்தர்ப்பங்களைப் பாருங்கள். 1995 நவம்பரிலே கிளிண்டன் அதிபர், எதிர்ப்பக்கம் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச். முதியோர் வைத்தியத் திட்டமான மெடிக்கேருக்கு வயதானவர்கள் கட்டுகிற மாதச் சந்தாவும் அந்தச் சண்டையிலே ஒரு முக்கிய விஷயம். முதலில் 5 நாள், பிறகு டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை 21 நாள் கதவு சாத்தியது. 2013 அக்டோபரிலே 16 நாள். அது ஒபாமாவின் வைத்தியச் சட்டத்துக்குப் பணம் கொடுக்காதே என்ற சண்டை. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். அது காப்புறுதிச் சந்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த உதவித் தொகை நிற்கப்போகிறதே என்ற சண்டை. நடுவிலே 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் மூடினார்களே, அது எல்லைச் சுவருக்காக. அதை விட்டுவிடுவோம். மற்ற மூன்றிலும் நோயாளியின் பெயர் அடிபட்டது.

ஒபாமாவின் சட்டம் என்ன செய்தது என்று தெரிந்தால்தான் இந்தச் சண்டை புரியும். அமெரிக்காவிலே வேலை செய்கிறவனுக்குப் பெரும்பாலும் முதலாளி வழியாகத்தான் வைத்தியக் காப்புறுதி. இது எப்படி வந்தது தெரியுமா? இரண்டாவது உலகப் போர்க் காலத்தில், 1942-லே, சம்பளத்தை ஏற்றக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க வழி தேடிய முதலாளிகள், "சம்பளம் ஏற்ற முடியாது, வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று இழுத்தார்கள். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலை போனால் வைத்தியமும் போகும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும், தோட்டத்து மருந்தும் போகும் என்று வாழ்ந்தவர்கள்தானே நாம்!

போர் முடிந்ததும் 1945-லே அதிபர் ட்ரூமன் எல்லாருக்கும் பொதுவான காப்புறுதித் திட்டம் வேண்டும் என்று கேட்டார். அங்குள்ள டாக்டர்கள் சங்கமே அதை எதிர்த்து நின்றது. திட்டம் தோற்றது. இருபது வருடம் கழித்து, 1965 ஜூலை 30-ஆம் தேதி, அதிபர் ஜான்சன் முதியோருக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்ற இரண்டு திட்டங்களுக்குக் கையெழுத்திட்டார். அதை ட்ரூமனின் ஊருக்கே போய், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தார். முதல் மெடிக்கேர் அட்டையும் ட்ரூமனுக்குத்தான் கிடைத்தது. இந்தச் சேதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதியோருக்கு ஒரு வழி, பரம ஏழைக்கு ஒரு வழி, பெரிய கம்பெனி ஆளுக்கு ஒரு வழி. நடுவிலே நிற்கிறவன் கதி? சின்ன விவசாயி, முடி வெட்டுகிறவர், சொந்தமாக லாரி ஓட்டுகிறவர், அரை நாள் வேலைக்காரர், இவர்கள் தாங்களே காப்புறுதி வாங்க வேண்டும். அந்த நாளிலே காப்புறுதிக் கம்பெனி முதலில் கேட்கிற கேள்வி, "உனக்கு என்ன வியாதி?" என்பது. இனிப்பு நீர் என்று சொன்னால், "போய் வா" என்று கதவைச் சாத்தலாம், அல்லது தாங்க முடியாத விலை சொல்லலாம். வியாதி இருக்கிறவனுக்கு வைத்தியக் காப்புறுதி கிடையாது! மழை பெய்கிறவனுக்குக் குடை கிடையாது என்பது போலத்தான். 2010-லே 4 கோடி 60 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் காப்புறுதியே இல்லை.

2010 மார்ச் 23-ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இந்தக் கேள்வியை 2014 முதல் தடை செய்தது. வருமானம் குறைந்தவருக்குச் சந்தா கட்ட அரசாங்க உதவித் தொகை கொடுத்தது. மெடிக்கெய்டை இன்னும் கொஞ்சம் மேலே உள்ள ஏழைகளுக்கும் விரித்தது. கீழ்ச்சபையிலே 219-க்கு 212 என்று தேறிய சட்டம் அது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுக்கூட ஆதரவாக விழவில்லை. 2012-லே உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் மெடிக்கெய்டை விரிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. டெக்சஸ், புளோரிடா போன்ற பெரிய மாநிலங்கள் விரிக்க மறுத்தன. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் மருந்து, இந்தப் பக்கம் பிறந்தால் இல்லை!

எதிர்க்கிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வாதத்திலும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. அமெரிக்காவிலே நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 17, 18 வைத்தியத்துக்கே போகிறது. அரசாங்கக் கடனோ 2025-லே 38 டிரில்லியன் டாலரைத் தாண்டியது. உதவித் தொகை நோயாளி கைக்கு வருவதில்லை, காப்புறுதிக் கம்பெனிக்குத்தான் போகிறது, விலையை ஏற்றி அவன் கொழுக்கிறான் என்று குடியரசுக் கட்சியார் சொல்வதை என்னால் அப்படியே தள்ள முடியவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக நோயாளிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் தொண்டை அடைத்துக்கொள்கிறது. 2017-லே வெள்ளை மாளிகை, மேல்சபை, கீழ்ச்சபை மூன்றும் அவர்கள் கையில். ஆனாலும் ஒபாமா சட்டத்தை அகற்றும் மசோதா ஜூலை 28 விடியற்காலையிலே 49-க்கு 51 என்று தோற்றது. மூளையில் புற்றுநோய் கண்டு சிகிச்சையிலிருந்த சொந்தக் கட்சிக்காரர் ஜான் மெக்கேன், சபை நடுவிலே வந்து கட்டை விரலைக் கீழே காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இனி 2013-க்கு வருகிறேன். சட்டத்தை நிறுத்தாமல் பட்ஜெட் தரமாட்டோம் என்று கீழ்ச்சபையின் குடியரசுக் கட்சியார் பிடிவாதம் பிடித்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு செனட்டர் டெட் குரூஸ் 21 மணி நேரத்துக்கு மேல் நின்றபடி பேசினார். பேச விஷயம் தீர்ந்துவிட்டதோ என்னவோ, இடையிலே பிள்ளைகளின் கதைப் புத்தகம் ஒன்றையும் வாசித்தார். அக்டோபர் 1-ஆம் தேதி கதவு சாத்தியது. ஏறக்குறைய 8 லட்சம் அரசாங்க ஊழியர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நாட்டின் பெரிய ஆராய்ச்சி ஆஸ்பத்திரியிலே புதுச் சிகிச்சைக்கு வாரம் 200 பேரைச் சேர்க்க முடியாமல் போகும், அதிலே 30 பேர் குழந்தைகள், பெரும்பாலும் புற்றுநோய்க் குழந்தைகள் என்று அதன் தலைவரே சொன்னார். உயிர் போகிற நிலையில் இருந்த சிலருக்குத்தான் விலக்கு. மற்றப் பெற்றோர் காத்திருந்தார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? எந்தச் சட்டத்தை நிறுத்தக் கதவைச் சாத்தினார்களோ, அந்தச் சட்டத்தின் காப்புறுதிச் சந்தை அதே அக்டோபர் 1-ஆம் தேதி திறந்தது! அதன் கணினித் தளம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது வேறு விஷயம். ஆனால் திறந்தது. ஏன்? அந்தச் சட்டத்தின் பணம் வருடா வருடம் கையெழுத்துக் கேட்கிற பணம் அல்ல. நிரந்தரமாக எழுதி வைத்த பணம். மெடிக்கேரும் அப்படித்தான். எத்தனை நாள் கதவு சாத்தினாலும் அவை ஓடும்.

தோழர்களே, இந்த இடத்திலே கொஞ்சம் நில்லுங்கள். நான் சொல்ல வந்ததே இதைத்தான். நிரந்தரமாக எழுதியது பூட்டுக்குத் தப்பியது. தேதி போட்டு எழுதியதுதான் மாட்டிக்கொண்டது.

2021-லே, கோவிட் காலத்தில், ஜனநாயகக் கட்சியார் காப்புறுதிச் சந்தா உதவியை நன்றாக உயர்த்தினார்கள். ஆனால் இரண்டு வருடத்துக்கு மட்டும். 2022-லே மறுபடி நீட்டினார்கள், அதுவும் 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான். ஏன் தேதி? நிரந்தரம் என்று எழுதினால் செலவுக் கணக்கு பெரிதாகத் தெரியும். தேதி போட்டால் கணக்கு சிறிதாகத் தெரியும், ஓட்டுச் சேரும். பிறகு நிறுத்த எவனுக்குத் தைரியம் வரும் என்று நினைத்திருப்பார்கள். இங்கே ஜனநாயகக் கட்சியாரையும் நான் விடமாட்டேன். கொடுத்த கையே காலாவதித் தேதியையும் ஒட்டிக் கொடுத்தது. மருந்துச் சீசாவிலே நான் தேதி பார்த்துத்தான் கொடுப்பேன். நோயாளியின் உரிமையின் மேல் தேதி ஒட்டினால் என்ன செய்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2017-லே டிரம்ப் கொண்டுவந்த தனிநபர் வருமான வரிச் சலுகைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கும் இதே 2025 டிசம்பர் கடைசிதான் தேதி. அதிகம் சம்பாதிக்கிறவனுக்கு அதிகம் மிச்சமாகிற சலுகை. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான பெரிய சட்டத்திலே அந்த வரிச் சலுகைகளை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதே சட்டம் மெடிக்கெய்ட் செலவை வெட்டியது. சந்தா உதவியை நீட்டவில்லை. இரண்டு தேதி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றை அழித்தார்கள், மற்றதை விட்டு வைத்தார்கள். எந்த வீட்டுக்கு எது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த உதவியை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 2 கோடிக்கு மேல். அது நின்றால் அவர்கள் கையிலிருந்து கட்டும் சந்தா சராசரியாக வருடம் 888 டாலரிலிருந்து 1,904 டாலராக, இரண்டு மடங்குக்கு மேலே ஏறும் என்று அங்குள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்குப் போட்டது. மேல்சபையிலே பட்ஜெட் தேற 60 ஓட்டு வேண்டும். குடியரசுக் கட்சியிடம் இருந்தது 53. ஆகவே ஜனநாயகக் கட்சியார், "சந்தா உதவியை நீட்டு, ஓட்டுத் தருகிறோம்" என்று பிடித்தார்கள். இந்த முறை சாவி அவர்கள் கையில்.

அவர்கள் கோரிக்கை நியாயமானது என்பது என் கருத்து. ஆனால் எடுத்த ஆயுதம்? இங்கேதான் சங்கத்துக்காரனாக எனக்கு மனம் ஒப்பவில்லை. சிலர் இதை வேலை நிறுத்தத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். நாம் வேலை நிறுத்தம் செய்தால் நம் சம்பளம் போகிறது, நம் அடுப்பு அணைகிறது. அதோடு முதலாளிக்குப் பாலும் குலையும் நட்டமாகிறது. சண்டை போடுகிற இரண்டு பேருமே வலியைத் தாங்குகிறார்கள். அதனால்தான் ஒரு நாள் மேசைக்கு வருகிறார்கள். வாஷிங்டனில் கதை வேறு. கதவைச் சாத்துகிற நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் நிற்காது. அவர்கள் நாட்டின் அரசியல் சட்டம் அப்படி. சிலர் எனக்கு வேண்டாம் என்று சொன்னார்கள், அது அவரவர் விருப்பம். வலி யாருக்கு? விமானத்துக்கு வழிகாட்டுகிற ஊழியர் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார். மாதா மாதம் உணவு உதவி வாங்குகிற 4 கோடி 20 லட்சம் பேருக்கு நவம்பர் மாத உதவி நேரத்துக்கு வரவில்லை. வீட்டிலிருந்தபடி திரையிலே டாக்டரைப் பார்க்கும் வசதிக்கும் மெடிக்கேரிலே தேதி போட்டிருந்தார்கள். அதுவும் அக்டோபர் 1-ஆம் தேதி நின்றது. நடக்க முடியாத கிழவி என்ன செய்வாள்?

நிரந்தர அரசாங்க ஊழியருக்குப் பிடித்த சம்பளத்தைப் பிறகு கொடுத்தாக வேண்டும் என்று 2019 முதல் சட்டம் உண்டு. ஆனால் அதே கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவர், வாசலில் காவல் நிற்கிறவர், கேண்டீனிலே தட்டுக் கழுவுகிறவர், இவர்கள் குத்தகைக்காரரின் ஆட்கள். இவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. போன சம்பளம் போனதுதான். குத்தகை ஆள் என்றால் என்ன என்பதை நம் தோட்டத்திலே நான் விளக்கவா வேண்டும்!

கடைசியிலே எதிரணியிலிருந்து 8 செனட்டர்கள் இறங்கி வந்தார்கள். கிடைத்தது என்ன? டிசம்பரிலே உதவித் தொகைக்கு ஓட்டெடுப்பு நடத்துகிறோம் என்ற வாக்குறுதி. டிசம்பர் 11-ஆம் தேதி நடந்தது. மூன்று வருடம் நீட்டும் மசோதாவுக்கு ஆதரவாக 51, எதிராக 48. பெரும்பான்மை கிடைத்தும் 60 இல்லாததால் தோற்றது. குடியரசுக் கட்சியாரின் மாற்று மசோதாவும் அன்றைக்கே விழுந்தது. டிசம்பர் 31 நள்ளிரவோடு உயர்த்திய உதவி காலாவதியானது.

நம் நாட்டிலே இப்படிக் கதவு சாத்துகிற வழக்கம் இல்லை. இங்கே பட்ஜெட் தோற்றால் அரசாங்கமே ஆட்டம் கண்டுவிடும். 2020 டிசம்பர் 15-ஆம் தேதி 2021-ஆம் வருடத்து பட்ஜெட் 111-க்கு 108 என்று மயிரிழையில் தப்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆனாலும் அந்த நாட்களிலே அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கொடுத்து மருந்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சந்தா கட்ட முடியாத மனிதன் மறுநாளே விழுந்து சாகமாட்டான். அதனால்தான் அரசியல்வாதிக்கு அந்தக் கணக்கு கண்ணில் படுவதில்லை. இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. "மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்பான். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலையிலே வாய் கோணும், கை விழும். இனிப்பு நீர்க்காரர் இன்சுலினை மிச்சம் பிடிக்க ஒரு வேளையை விட்டு ஒரு வேளை போட்டால் கண்ணும் சிறுநீரகமும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குத் தீர்க்கும். உதவித் தொகையை நிறுத்தி மிச்சம் பிடித்த பணத்தைப் பிறகு பக்கவாதத்துக்கும் டயாலிசிசுக்கும் கொட்ட வேண்டும். அமெரிக்கன் உடம்பு, தோட்டத்தான் உடம்பு என்று இதிலே வித்தியாசம் கிடையாது. நீங்களும் மருந்து தீர்ந்த பிறகு வராதீர்கள், ஒரு வாரத்துக்கு முன்பே வாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன், கேட்கிறவர் சில பேர்தான்.

நான் முன்பு வேலை செய்த தோட்டம் ஒன்று கைமாறியது. பழைய தொரை நல்லவர். வேன் கொடுப்பார், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவார், ஓய்வு பெற்றவர்களுக்கும் மருந்து கொடு என்பார். எல்லாம் வாய்வார்த்தை. புதிதாக வந்தவர் ஃபைலைத் திறந்து பார்த்தார். எழுத்திலே எது இருந்ததோ அது மட்டும் மிஞ்சியது. வேன் முதல் மாதமே நின்றது. ஓய்வு பெற்ற பால்வெட்டுக்காரர்கள் பஸ் பிடித்துப் பட்டணத்து கிளினிக்குக்கு அலைந்தார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை. எழுதாததை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

தோட்ட முதலாளி ஆஸ்பத்திரி வசதி, மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. அதற்கு மேலே நமக்குக் கிடைப்பவை கூட்டு ஒப்பந்தத்திலே இருக்கின்றன, அல்லது தொரையின் மனசிலே இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த கிளைக் கூட்டத்திலே சம்பளப் பேச்சு முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ஒப்பந்தத்தின் மருத்துவப் பகுதியை வரி வரியாகப் படித்துத் தமிழிலே சொல்லச் சொல்லி செயலாளரைக் கேளுங்கள். வேனுக்கு எழுத்து இருக்கிறதா, பிள்ளைகளுக்கு இருக்கிறதா, ஒப்பந்தக் காலம் முடிந்து அடுத்தது வரும் வரை என்ன ஏற்பாடு, இந்த மூன்றையாவது கேளுங்கள். ஆங்கிலத்திலே இருக்கிறது, மருத்துவ வார்த்தை புரியவில்லை என்று செயலாளர் தயங்கினால் என்னைக் கூப்பிடுங்கள். பின்னேரம் 5 மணிக்கு டிஸ்பென்சரி பூட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.